இந்த மாதப் பாடம்: மாசு கட்டுப்பாட்டு வாரியம் - வருஷம் முழுக்க அது என்ன செய்யுது, நாம என்ன கேட்கலாம்?



கடன், வட்டி, தணிக்கை என்று நிறைய பாடம் படித்துவிட்டோம். இந்த மாதம் நம் வாசலில் தினமும் கிடக்கிற ஒன்றைப் பற்றிப் பார்ப்போம். அதுதான் தூசி. அரியலூர் பக்கத்து சிமெண்ட் ஆலைக் கிராமங்களில் காலையில் போட்ட கோலத்தின் மேல் மத்தியானத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் உட்கார்ந்துவிடும். பெரம்பலூர் பக்கம் கல் குவாரியும் ஜல்லி கிரஷரும் இருக்கிற ஊர்களில் மக்காச்சோளத் தோகையை விரலால் தொட்டால் மாவு மாதிரி ஒட்டும். "இதை யார்கிட்டக்கா போய்ச் சொல்றது?" என்பதுதான் கூட்டங்களில் அடிக்கடி வருகிற கேள்வி. வி.ஏ.ஓ.விடம் சொல்கிறோம், ஊராட்சித் தலைவரிடம் சொல்கிறோம், போலீஸ் ஸ்டேஷன் வரை போகிறோம். போக வேண்டிய இடம் பலருக்குத் தெரிவதில்லை.

அந்த இடத்தின் பெயர் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம். 1982ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் தேதி அமைக்கப்பட்டது. தலைமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. மாவட்ட அளவில் 'மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர்' என்ற அதிகாரி இருப்பார், அவருக்கு அரியலூரில் அலுவலகம் உண்டு. வாரியத்தின் கையில் இருக்கிற முக்கியமான இரண்டு சட்டங்கள் 1974ஆம் வருஷத்துத் தண்ணீர்ச் சட்டமும் 1981ஆம் வருஷத்துக் காற்றுச் சட்டமும். எந்தத் தொழிற்சாலையும் தண்ணீரையோ காற்றையோ கெடுத்தால் கேள்வி கேட்கிற அதிகாரம் இந்தச் சட்டங்களில் இருந்துதான் வருகிறது.

எல்லாக் குறையையும் வாரியத்திடம் கொண்டுபோனாலும் வேலை நடக்காது. லாரி கண்மூடித்தனமாக வேகமாகப் போகிறது என்றால் அது போலீஸும் ஆர்.டி.ஓ.வும் பார்க்க வேண்டியது. குவாரிக்குக் குத்தகை கொடுப்பது கனிமவளத் துறை. பெரிய சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைத் தோண்டி முடித்த பிறகு அந்தப் பள்ளத்தை என்ன செய்யணும் என்ற திட்டத்தைப் பார்ப்பது மத்திய அரசின் இந்தியச் சுரங்கத் துறைப் பணியகம். பறவை, காடு என்றால் வனத்துறை. தெருக் குப்பை நம்ம ஊராட்சி. மனு தப்பான மேஜைக்குப் போனால் அங்கிருந்து இன்னொரு மேஜைக்குப் போவதற்கே 2 மாதம் ஆகும். அதனால் இந்தப் பிரிவினையைக் குழுவில் நாலு பேராவது மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம்ம ஊருக்கு ஏன் இவ்வளவு ஆலை வந்தது? ஏனென்றால் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இந்த இடம் கடல். கடல் உயிரிகளின் ஓடும் எலும்பும் படிந்து படிந்துதான் சுண்ணாம்புக்கல் ஆனது. வயலில் உழும்போது சங்கு, சிப்பி மாதிரிக் கல் கிடைப்பது அதனால்தான். பெரம்பலூர் சாத்தனூரில் கல்லாய்ப் போன மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறதே, அதுவும் அந்தக் காலத்தது. 1940ல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள், பக்கத்தில் இருந்துகொண்டே நாம பார்க்காத இடம் அது. 1979ல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை வந்தது, பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன.

சிமெண்ட் எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் தூசி எங்கிருந்து வருகிறது என்று புரியும். சுண்ணாம்புக்கல்லை வெடி வைத்து உடைப்பார்கள், கிரஷரில் நொறுக்குவார்கள், களிமண்ணோடு சேர்த்து அரைப்பார்கள். பிறகு சூளையில் 1,450 டிகிரி அளவுக்குச் சூடாக்குவார்கள். உருகிக் கட்டியாக வருவதற்குக் கிளிங்கர் என்று பெயர். அதோடு ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். இதில் ஒவ்வொரு கட்டத்திலும் தூசி கிளம்பும். அதைப் பிடிக்க இரண்டு விதமான சாதனம் உண்டு. ஒன்று பை வடிகட்டி, நம்ம மாவு மில்லில் பை கட்டியிருப்பார்களே, அதேபோலத்தான், ஆனால் ரொம்பப் பெரியது. இன்னொன்று மின்சாரத்தால் தூசியை இழுத்துப் பிடிக்கிற சாதனம், ஆலைக்காரர்கள் இ.எஸ்.பி. என்பார்கள். இரண்டும் ஒழுங்காக ஓடினால் புகைபோக்கியில் கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் இருக்காது. பை கிழிந்தாலோ சாதனம் நின்றாலோ ஊர் முழுக்கத் தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேசிவிடலாம். நம்ம குழுக்களிலேயே கணவர் லாரி ஓட்டுகிறவர், மகன் ஆலையில் ஒப்பந்த வேலை பார்க்கிறவர் என்று நிறையப் பேர் இருக்கிறோம். "ஆலையை எதிர்த்துப் பேசினா வேலைக்கு ஆபத்து" என்ற பயம் நியாயமானது. ஆனால் வடிகட்டியை ஓட்டு என்று கேட்பது ஆலையை மூடு என்று கேட்பது ஆகாது. வடிகட்டியைப் பராமரிப்பது ஆலைக்குச் சட்டம் போட்ட கடமை. அதைக் கேட்பதால் யாருடைய வேலையும் போகக் கூடாது. தூசி முதலில் போவதும் ஆலைக்குள் வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் நெஞ்சுக்குள்தான்.

சரி, வாரியம் வருஷம் முழுக்கச் செய்கிற வேலைக்கு வருவோம். முதல் வேலை இசைவாணை கொடுப்பது. ஒரு தொழிற்சாலை கட்டுவதற்கு முன் ஒரு இசைவாணை வாங்க வேண்டும், கட்டி முடித்து ஓட்டுவதற்கு முன் இன்னொன்று வாங்க வேண்டும். அதில் நிபந்தனைகள் இருக்கும்: எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு கழிவுநீர், புகைபோக்கி எவ்வளவு உயரம், என்ன சாதனம் வைக்கணும் என்று. குறிப்பிட்ட காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். நம்ம வங்கிக் கடனுக்கு நிபந்தனை போட்டு, தவணை பார்த்து, அடுத்த கடன் கொடுக்கிறார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. தொழிற்சாலைகளை மாசின் அளவை வைத்து சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று நிறம் பிரித்திருக்கிறார்கள். 2025ல் குப்பை மேலாண்மை போன்ற தொழில்களுக்கு நீலம் என்று ஒன்றும் சேர்ந்தது. சிமெண்ட் ஆலை, சர்க்கரை ஆலை எல்லாம் சிவப்பு. நாம குழுவில் செய்கிற தையல், பாக்குமட்டைத் தட்டு மாதிரிச் சின்னத் தொழிலுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் மெஷின் போடுவதற்கு முன் எந்த நிறம் என்று மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது வேலை, போய்ப் பார்ப்பதும் அளப்பதும். அதிகாரிகள் ஆலைக்குப் போய்ப் புகைபோக்கியிலும் ஊருக்குள்ளும் காற்றை அளக்க வேண்டும், கழிவுநீர் மாதிரி எடுத்து வாரியத்தின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். காற்றில் இருக்கிற நுண்ணிய தூசிக்கு நாடு முழுக்க ஒரு வரம்பு 2009ல் வகுத்திருக்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு இருக்கிற தூசி, ஒரு கன மீட்டர் காற்றில், 24 மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. வருஷச் சராசரி 60ஐத் தாண்டக் கூடாது. கண்ணுக்குத் தெரிகிற தூசி துணியைத்தான் கெடுக்கும். இந்த நுண்தூசிதான் நுரையீரலுக்குள் போகும். அதனால் 'வாசல் சுத்தமா இருக்கே' என்பதை மட்டும் வைத்துக் காற்று நல்லா இருக்கு என்று முடிவு செய்ய முடியாது.

2014ல் மத்திய வாரியம் ஒரு உத்தரவு போட்டது. சிமெண்ட் உள்ளிட்ட 17 வகைப் பெரிய தொழில்கள் புகைபோக்கியிலேயே தானாக அளக்கிற கருவியை மாட்டி, அளவுகளை நேரடியாக வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் அந்த அளவுகள் கிண்டியில் உள்ள மையத்துக்குப் போகின்றன. இது நமக்கு ஏன் முக்கியம்? "ராத்திரியில்தான் தூசி அதிகமா விடறாங்க" என்று ஊர் ஊராகச் சொல்கிறோம். அது உண்மையாகவும் இருக்கலாம். ராத்திரிக் குளிரில் காற்று அசையாமல் தூசி கீழேயே தங்குவதாலும் அப்படித் தோன்றலாம். பேச்சில் சொன்னால் இது தீராது. ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தேதி, மணி, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, புகையின் நிறம், எத்தனை நேரம் என்று இரண்டு மாதம் எழுதுங்கள். 'இந்த மாதம் 14ஆம் தேதி இரவு 2 மணியிலிருந்து 3 மணி வரை' என்று எழுதிக் கொடுத்தால், அதிகாரி அந்த ஒரு மணி நேரத்துக் கருவி அளவை எடுத்துப் பார்க்க முடியும். கருவி அந்த நேரம் நின்றிருந்தால் அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். குழுவின் வரவு செலவை ஒரு ரூபாய் தப்பாமல் எழுதுகிற நமக்கு இந்த நோட்டு பெரிய வேலை இல்லை.

ஒவ்வொரு ஆலையும் தன் பங்குக்கு வருஷா வருஷம் செப்டம்பர் 30ஆம் தேதிக்குள் ஒரு சுற்றுச்சூழல் அறிக்கையை வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் எடுத்தோம், எவ்வளவு கழிவு வந்தது என்ற கணக்கு அதில் இருக்கும். வாரியமும் தன் வருஷ வேலையை அறிக்கையாக எழுதி, நிதியாண்டு முடிந்த 4 மாதத்துக்குள் அரசுக்கு அனுப்பணும். அரசு அதை 9 மாதத்துக்குள் சட்டசபையில் வைக்கணும். ஆக, மார்ச் 31ல் முடிகிற வருஷத்து அறிக்கை டிசம்பருக்குள் எம்.எல்.ஏ.க்கள் மேஜைக்கு வந்திருக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வரும்போது 'நம்ம மாவட்டத்தைப் பற்றி அதில் என்ன போட்டிருக்கு?' என்று கேட்டுப் பாருங்களேன்.

இனி இந்தப் பாடத்தில் ரொம்ப முக்கியமான இடம்: கருத்துக்கேட்புக் கூட்டம். பெரிய சுரங்கமோ ஆலையோ புதிதாக வந்தாலும், இருப்பது பெரிதானாலும், சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு முன்னால் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று 2006 செப்டம்பர் 14ஆம் தேதி மத்திய அரசின் அறிவிக்கை சொல்கிறது. கூட்டத்தை நடத்துவது மாசு கட்டுப்பாட்டு வாரியம். தலைமை தாங்குவது கலெக்டர் அல்லது அவர் அனுப்புகிற மூத்த அதிகாரி. 30 நாளைக்கு முன்னால் பேப்பரில் விளம்பரம் வர வேண்டும், அதில் ஒன்று தமிழ்ப் பேப்பர். திட்ட அறிக்கையும் தமிழில் அதன் சுருக்கமும் கலெக்டர் அலுவலகத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். சின்னக் கல் குவாரிக்குத் தனியாகக் கூட்டம் கிடையாது. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற குவாரிகள் எல்லாம் சேர்ந்து 5 ஹெக்டேரைத் தாண்டினால் கூட்டம் உண்டு.

நடப்பது என்ன? பெரும்பாலும் ஆண்கள் முன் வரிசையில், பெண்கள் பந்தலின் கடைசியில். யாராவது இரண்டு பேர் சத்தம் போட்டால் கூட்டம் கலைந்த மாதிரி ஆகிவிடும். நாம சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். இதில் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கோரம் கணக்கு இதற்குக் கிடையாது. நாம போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகத்தான் பதிவாகும். இரண்டு, பேசியதையெல்லாம் எழுதி, கூட்ட முடிவில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். நம்ம தீர்மானப் புத்தகத்தை வாசித்துக் காட்டிய பிறகுதானே கையெழுத்துப் போடுகிறோம்? அதே முறைதான் இங்கேயும். கடைசி வரை உட்கார்ந்து, 'நான் சொன்னது அதில் வரலீங்களே, சேர்த்து எழுதுங்க' என்று கேட்பதற்கு எந்தப் பெண்ணுக்கும் உரிமை உண்டு. நேரில் பேசத் தயக்கமாக இருந்தால் எழுதிக் கொடுக்கலாம், அதுவும் அதே கணக்கில் சேரும்.

'வேண்டாம், வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் பதிவில் ஒரே வரியாகப் போய்விடும். கேள்வியாகக் கேட்டால் பதில் எழுதியே ஆக வேண்டியிருக்கும். சுரங்கத்தை எத்தனை அடி ஆழம் தோண்டுவீங்க, எங்க ஊர்க் கிணற்றுத் தண்ணி எத்தனை அடியில் இருக்குன்னு எந்த மாதம் அளந்தீங்க? கோடையிலா, மழைக்காலத்திலா? ஏனென்றால் ஐப்பசி, கார்த்திகையில் அளந்த கிணறு சித்திரையில் வேறு கதை சொல்லும். வெடி எந்த நேரம் வைப்பீங்க, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் லாரி எந்த வழியாப் போகும், லாரிக்குத் தார்ப்பாய் கட்டுவீங்களா, தோண்டி முடிச்ச பள்ளத்துக்கு வேலி போடுவது யார், மரம் நடுவதாகச் சொன்ன இடம் எந்த சர்வே எண்? இப்படி நாலு கேள்வியைக் குழுவில் உட்கார்ந்து முன்கூட்டியே எழுதிக்கொண்டு, நாலு பேர் பிரித்துக் கேட்பது ஒருவரே அரை மணி நேரம் பேசுவதைவிட நல்லது.

அனுமதி கிடைத்த பிறகும் கதை முடிவதில்லை. நிபந்தனைகளை நிறைவேற்றினோம் என்று நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கை பொது ஆவணம், கேட்டால் கொடுக்க வேண்டியது.

குவாரி, கிரஷர் பற்றி இரண்டு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை கொடுக்கக் கூடாது என்பது தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதி. கிரஷர் குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று 2004ல் மாசு கட்டுப்பாட்டு வாரியம் தீர்மானம் போட்டது. கல் தூசியில் சிலிக்கா என்ற பொருள் இருக்கிறது. வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறி மூச்சு முட்டும். அதை டி.பி. என்று நினைத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. குவாரி வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருமல் விடாமல் இருந்தால், டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது 'இவர் கல் வேலை பார்க்கிறவர்' என்பதைத்தான்.

சுரங்கத்தால் பாதிக்கப்படுகிற ஊர்களுக்கென்று ஒரு பணமும் இருக்கிறது. 2015ல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்கச் சொன்னார்கள். சுரங்கம் நடத்துகிறவர்கள் அரசுக்குக் கட்டுகிற ராயல்டிக்கு மேல் ஒரு பங்கை இதில் கட்ட வேண்டும். பழைய குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதம், ஏலத்தில் எடுத்த புதுக் குத்தகை என்றால் 10 சதவீதம். பெரும் பங்கைக் குடிநீர், சுகாதாரம், கல்வி, பெண்கள் குழந்தைகள் நலம், மாசு தடுப்பு இவற்றுக்குத்தான் செலவு செய்ய வேண்டும். நம்ம ஊருக்கு இதிலிருந்து என்ன வந்தது என்று கிராம சபையில் கேட்கலாம். கிராம சபை வருஷத்துக்கு 6 முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

பிளாஸ்டிக் விஷயம் நம்ம கையிலேயே இருப்பது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற 14 வகைப் பிளாஸ்டிக் பொருளுக்குத் தடை. தடிமன் எவ்வளவு இருந்தாலும் கைப்பை தடை, தண்ணீர்ப் பாக்கெட் தடை, உறிஞ்சு குழல் தடை. பிளாஸ்டிக் பூச்சு போட்ட பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. கூட்டமைப்புக் கூட்டத்துக்கு 50 எவர்சில்வர் டம்ளர் வாங்கிப் போட்டால் கப் செலவு வருஷத்துக்கு மிச்சம். 2021 டிசம்பர் 23ல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. தையல் தெரிந்த குழுக்களுக்கு இதில் வியாபாரம் இருக்கிறது. ஆனால் ஆர்டர் கையில் வாங்காமல் துணி வாங்கிக் குவிக்க வேண்டாம். மறுசுழற்சிக்கு ஆகாத பிளாஸ்டிக்கை இப்போது சிமெண்ட் ஆலைச் சூளைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். கடும் சூட்டில் முறையாக எரிப்பது வேறு, நாம வாசலில் குவித்துத் தீ வைப்பது வேறு. வாசலில் எரிகிற பிளாஸ்டிக் புகை பக்கத்தில் விளையாடுகிற குழந்தைக்குத்தான் போகும், போகியன்று கூட.

பாதுகாப்பு வேலையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் 2024 ஜனவரியில் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்று அர்த்தம். இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து குளிர்காலத்தில் இங்கே வருகிறது. அந்த ஏரிக்குத் தண்ணீர் வருவது புள்ளம்பாடி வாய்க்காலில், சுற்றியுள்ள வயலுக்குப் பாய்வதும் அந்த ஏரித் தண்ணீர்தான். வாத்துக்கு நல்ல தண்ணி என்றால் நம்ம நெல்லுக்கும் அதே தண்ணிதான். ஏரியைப் பார்த்துக்கொள்வது வனத்துறை என்றாலும், அதில் கழிவு கலந்தால் வாரியத்துக்கு எழுத வேண்டும்.

மனு எழுதுகிற முறையைச் சொல்லி முடிக்கிறோம். 'பெறுநர்: மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம்' என்று போடுங்கள். நகல் கலெக்டருக்கு. எந்த ஊர், எந்த ஆலை அல்லது கிரஷர், என்ன நடந்தது, எந்தெந்த நாள் எந்த மணி, எத்தனை வீடு, எத்தனை ஏக்கர் பாதிப்பு என்று எழுதுங்கள். திட்டி எழுத வேண்டாம், நோட்டில் இருப்பதை மட்டும் எழுதினால் போதும். கேட்பதை ஒரே வரியில் கேளுங்கள்: 'நேரில் வந்து காற்றை அளந்து, அளவை எங்களுக்கு எழுத்தில் தர வேண்டுகிறோம்.' தண்ணீர் கெட்டுப்போனால் பாட்டிலில் பிடித்துப்போய்க் காட்டலாம், அதிகாரிக்குப் புரியும். ஆனால் வழக்குக்கு நிற்பது அவர்கள் ஆலைக்காரர் முன்னிலையில் முறைப்படி எடுத்த மாதிரி மட்டுமே. அதனால் 'வந்து எடுங்க' என்றுதான் கேட்கணும். ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் கையெழுத்துப் போட்டு, குழுவின் முத்திரை வைத்து, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் ஒரு நகல் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது எண்ணைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால், 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் 'எங்கள் மனு மேல் என்ன நடவடிக்கை, ஆய்வு அறிக்கை நகல் தேவை' என்று கேளுங்கள். வறுமைக்கோட்டுப் பட்டியலில் உள்ள உறுப்பினர் பெயரில் போட்டால் அந்த 10 ரூபாயும் வேண்டாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பும் தங்கள் ஊர் எல்லையில் இருக்கிற ஆலை, சுரங்கம், குவாரி, கிரஷர் பட்டியலையும், பக்கத்து வீட்டிலிருந்து அவை எத்தனை மீட்டர் என்பதையும் எழுதிக் கொண்டுவரவும். டேப் இல்லாதவர்கள் காலடியால் அளந்தாலும் சரி.